மலைப் பாதையில் நடுத்துண்டு மட்டும் காட்டுக்குள் இருந்தால்: ஒரு ஹெக்டேர் விதி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து ஜவ்வாது மலையில் அடிவாரம் வரை தார் ரோடு வரும், மேலே ஊருக்குள் சிமென்ட் ரோடு இருக்கும், நடுவில் காப்புக்காட்டுத் துண்டில் மட்டும் ஒற்றையடிப் பாதை. வெளியூர்க்காரர்கள் அழகு பார்க்க ஏறும் பாதை அது. ஊர்க்காரர்கள் அதில்தான் பிரசவ வலிக்காரியை டோலி கட்டித் தூக்குகிறார்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் தாயே சுமந்து நடந்தார். அந்தத் துண்டை இணைக்க “டெல்லியில் அனுமதி வாங்கணும்” என்று இன்னமும் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாத் துண்டுக்கும் டெல்லி போகவேண்டியதில்லை.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) பதின்மூன்று வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர வழி செய்கிறது. சாலை அதில் ஒன்று. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். அனுமதி தருபவர் மாவட்ட வன அலுவலர். தனிநபர் வனப் பட்டா கைக்கு வந்த பிறகுதான் இது என்று எங்கும் இல்லை. “பட்டா மனு முடியட்டும், அப்புறம் ரோடு பார்க்கலாம்” என்றால், எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பெரும்பாலான மனுக்கள் விழுவது அளவில்தான். தார் 3.75 மீட்டர் அகலம் என்று அதை வைத்தே பரப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஓரக் கால்வாய், தடுப்புச் சுவர், மலையை வெட்டும் சரிவு எல்லாம் காட்டு நிலம்தான். குறைந்தது 6 மீட்டர் என்று வையுங்கள். அடுத்தது ஏற்றம். ஒற்றையடிப் பாதை 500 மீட்டரில் நேரே ஏறிவிடும், வண்டி ஏறாது. மலைச் சாலைக்கு வழக்கமான சரிவு 6 சதவீதம். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் 8. அப்படியானால் 100 மீட்டர் உயரம் ஏற 1,667 மீட்டர் நீளம் வேண்டும். அதை 6 மீட்டரால் பெருக்கினால் 10,000 சதுர மீட்டர், சரியாக ஒரு ஹெக்டேர். சட்டம் “குறைவாக” என்கிறது, அதனால் அந்தக் கோப்பு அப்படியே திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவு வந்தால் அகலம் இன்னும் கூடும்.

ஆகவே மனு எழுதும் முன் ஏற்றத்தைப் பாருங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. காட்டுத் துண்டுக்குள் நான்கு கோடு குறுக்கிட்டால் சமாளிக்கலாம், ஐந்து வந்தால் வேறு தடம் தேடுங்கள். சுற்றுவழியானாலும், பாதி தூரம் பட்டா நிலத்தில் போகிற தடம் பெரும்பாலும் ஜெயிக்கும். அங்கே நிலத்துக்காரரின் வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்; அவர் காலமானதும் பிள்ளைகள் வேலி போட்டுவிடுவார்கள். பஞ்சாயத்து பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகட்டும். வண்டிப்பாதை புறம்போக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) விஏஓவிடம் வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் பாதை காகிதத்தில் இருக்கும், நிலத்தில் அழிந்திருக்கும்.

மரக் கணக்கும் பரப்புக்குத் தக்கபடிதான். 0.4 ஹெக்டேர் என்றால் 30 மரம், 75 அல்ல. எண்ணும்போது பெயின்ட் அடிப்பது, புதர் வெட்டுவது எதுவும் வேண்டாம். ஊர்ப் பணம் போட்டு ஜேசிபி இறக்கினால் தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் கீழ் வழக்கு வரும், வண்டியும் பறிமுதலாகும், அனுமதிக் கோப்பும் அங்கேயே படுத்துவிடும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து ரசீது வாங்கியதும் விண்ணப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அது விண்ணப்பம் இல்லை. அரசு நிர்வகிக்கும் வசதிக்கே நிலம் கிடைக்கும். ஆகவே பஞ்சாயத்து யூனியனோ நெடுஞ்சாலைத் துறையோதான் ஃபார்ம் ஏ என்ற விண்ணப்பப் படிவத்தைப் போடவேண்டும். மனு யூனியன் அதிகாரியான பிடிஓவுக்குப் போகும், அவர் வனத்துறை ரேஞ்சருக்கு எழுதுவார், ரேஞ்சர் “உரிய துறை மூலம் வரவும்” என்று திருப்புவார். இந்தச் சுற்றிலேயே வருடம் ஓடிவிடும். மனுவில் “பிரிவு 3(2)-ன் கீழ் ஃபார்ம் ஏ சமர்ப்பிக்கக் கோருகிறோம்” என்ற வரி இருக்கட்டும். “சுற்றுலா வளரும்” என்று ஒரு சொல்கூட வேண்டாம். ஊரின் தேவைக்கான பிரிவு இது.

கிராம சபைத் தீர்மானம் “சாலை வசதி வேண்டும்” என்று ஒற்றை வரியில் இருந்தால் பயனில்லை. இப்படி இருக்கவேண்டும்: “… முதல் … வரை, … காப்புக்காட்டில், நீளம் 1,150 மீட்டர், அகலம் 6 மீட்டர், பரப்பு 0.69 ஹெக்டேர், வெட்டவேண்டிய மரம் 38. வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ன் கீழ் சாலைக்குப் பரிந்துரைக்கிறோம்.” இந்தச் சட்டத்தின் கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்கவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். இதே மலையின் பீஞ்சமந்தை மாதிரி, சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் பஞ்சாயத்தில், ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு மலை இறங்கி ஏறி எத்தனை பேர் வருவார்கள்? இந்தச் சட்டத்தில் ஊர் என்பது சிற்றூராகவும் இருக்கலாம், அதனால் கூட்டத்தை உங்கள் ஊரிலேயே போடச் சொல்லுங்கள். வருகைக் கையெழுத்தோடு தீர்மான நகலை அன்றே வாங்கிவிடுங்கள்.

பிறகு ரேஞ்சர் இடத்தைப் பார்த்து ஃபார்ம் பி என்ற படிவத்தில் தன் அறிக்கையை எழுதுவார். அவர் வரும் நாளில் தடத்தை நடந்து காட்ட இரண்டு பேர் கூடவே போங்கள். அடிவாரத்தில் நின்று பார்த்து எழுதிய அறிக்கை வேறு தடத்துக்குப் போய்விடும். மாவட்ட வன அலுவலர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு விஷயம் போகவேண்டும், வாய்மொழி மறுப்போடு நின்றுவிடக் கூடாது.

“கோப்பு போயிருக்கு” என்ற பதில் வந்தால் யூனியன் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். “என்ன நடவடிக்கை?” என்று கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்றுதான் வரும். ஃபார்ம் ஏ அனுப்பிய கடித எண், தேதி, பெற்ற அலுவலகத்தின் ஒப்புகை நகல், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்.