பழைய பிஸ்டலும் வலுவான தோட்டாவும்: உடைவது எங்கே?

ஒரு பழைய பிஸ்டல் வடிவமைப்பு இன்னும் வலுவான தோட்டாவைத் தாங்குமா என்று கேட்டால், பலரும் முதலில் அழுத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். வெடிமருந்து எரியும்போது குழலுக்குள் எத்தனை மெகாபாஸ்கல் அழுத்தம் எழுகிறது, அதை எஃகு தாங்குமா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் தன்னியக்கப் பிஸ்டலின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் அந்த அழுத்தம் அல்ல. குழலை மூடியபடி முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னோக்கிப் பாயும் வேகம்தான்.

அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். ஜான் மோசஸ் பிரௌனிங் அதை .45 ஏசிபி தோட்டாவுக்காக வடிவமைத்தார். அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு சுமார் 145 மெகாபாஸ்கல். 1929இல் கோல்ட் நிறுவனம் அதே பிஸ்டலை .38 சூப்பர் தோட்டாவுக்கும் செய்து விற்கத் தொடங்கியது. இன்றைய தர அளவுப்படி அதன் வரம்பு சுமார் 252 மெகாபாஸ்கல். அழுத்தம் இவ்வளவு கூடியும் வடிவமைப்பு அசையவில்லை. பிறகு 1987இல் அதே அச்சில் 10 எம்எம் ஆட்டோ தோட்டாவுக்காக டெல்டா எலீட் வந்தது. இதன் வரம்பு 259 மெகாபாஸ்கல், அதாவது .38 சூப்பரைவிடச் சற்றே அதிகம். ஆனால் இந்த முறை சட்டகத்தில், அதாவது ஸ்லைடைத் தாங்கும் கைப்பிடியுள்ள கீழ்ப்பகுதியில், விரிசல் விழுந்தது. அழுத்தம்தான் காரணம் என்றால், அந்த விரிசல் முதலில் .38 சூப்பரில் அல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

விடை பிஸ்டல் இயங்கும் விதத்தில் இருக்கிறது. சுடும் கணத்தில் குழலும் அதன் மேலிருக்கும் ஸ்லைடும் பற்களால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. குண்டு முன்னே ஓட, இரண்டும் சேர்ந்து பின்னே நகர்கின்றன. சில மில்லிமீட்டர் நகர்ந்ததும் ஓர் இணைப்புக் கண்ணி குழலின் பின்முனையைக் கீழே இழுக்கிறது, பூட்டு விடுபடுகிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய், காலிக் கூட்டை வெளியே எறிந்து, சட்டகத்தில் மோதி நிற்கிறது. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது.

வலுவான தோட்டா இந்தப் பூட்டை நேரத்துக்கு முன்பே திறந்துவிடாதா என்ற அச்சம் இயல்பாக எழும். திறக்காது. குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை ஸ்லைடு எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பது வேகம் அல்ல, குண்டுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள நிறை விகிதம். குண்டு வேகமாக ஓடினால் ஸ்லைடும் அதே விகிதத்தில் வேகமாக ஓடும், ஆனால் கடக்கும் தூரம் மாறாது. குண்டு 15 கிராம், குழலும் ஸ்லைடும் சேர்ந்து அரை கிலோ என்றால், குண்டு 110 மில்லிமீட்டர் ஓடி முடிக்கும்போது ஸ்லைடு 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். பிரௌனிங்கின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பூட்டு நேரத்தை நம்பி இயங்கவில்லை, தூரத்தை நம்பி இயங்குகிறது.

இனி உந்தக் கணக்கு. .45 குண்டின் எடை 14.9 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 255 மீட்டர். பெருக்கினால் உந்தம் 3.8 அலகு. .38 சூப்பரில் 8.4 கிராம் குண்டு நொடிக்கு 370 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் உந்தம் 3.1. அழுத்தம் கூடினாலும் ஸ்லைடுக்குக் கிடைக்கும் உதை குறைந்துவிட்டது! 10 எம்எம் தோட்டாவுக்கு 1983இல் நார்மா நிறுவனம் செய்த முதல் தோட்டாக்களில் 13 கிராம் குண்டு நொடிக்கு 366 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. உந்தம் 4.76, அதாவது .45ஐவிடக் கால் பங்கு அதிகம். வெடிமருந்து எரிந்து எழும் வாயுவின் பங்கை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன். சேர்த்தாலும் வரிசை மாறாது.

கால் பங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அரை கிலோ நிறை .45இல் நொடிக்கு 7.6 மீட்டரில் பின்வாங்கினால், 10 எம்எம்மில் 9.5 மீட்டரில் பின்வாங்கும். ஆற்றல் 14 ஜூலில் இருந்து 22 ஜூலுக்கு மேல் போய்விடுகிறது. உந்தம் கால் பங்கு ஏற, மோதலின் ஆற்றல் பாதிக்கும் மேல் ஏறிவிட்டது.

கடினமான ஸ்பிரிங் போட்டால் தீராதா? எம்1911இன் வழக்கமான ஸ்பிரிங் முழுதாகச் சுருங்கும்போது விழுங்குவது இரண்டரை ஜூல் அளவுதான். டெல்டா எலீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள் வைத்தார்கள். அது உதவுகிறது, ஆனால் கூடுதலாக வந்த எட்டு ஜூலை அதனால் முழுதாக விழுங்க முடியாது. தவிர, விழுங்கியதை அது முன்னோக்கித் திருப்பித் தரும். ஸ்லைடு வேகமாகத் திரும்பினால் மேகசின் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்தக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது.

விரிசல் விழுந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்லைடு ஓடுவதற்காகச் சட்டகத்தின் மேல் விளிம்பில் நீளமான தண்டவாளம் இருக்கிறது. மேகசின் காலியானதும் ஸ்லைடைப் பின்னே பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோலுக்காக வெட்டிய சாளரத்துக்கு நேர் மேலே அந்தத் தண்டவாளம் ஒரு மெல்லிய பாலமாக ஒடுங்குகிறது. மோதல் அலை ஒவ்வொரு முறையும் அந்தப் பாலத்தின் மூலைகளில் குவிந்தது, உலோகம் சோர்ந்து அங்கே பிளந்தது. கோல்ட் செய்த தீர்வு துணிச்சலானது. பாலத்தைத் தடிப்பாக்கவில்லை, அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள். விரிசல் தொடங்க அங்கே மூலையே இல்லாமல் போயிற்று.

அழுத்தமே நேரடியாக வில்லனாகும் இடமும் உண்டு. எம்1911இன் மூல வடிவில் தோட்டா ஏறிவரும் சரிவு பெரும்பாலும் சட்டகத்தில் வெட்டப்பட்டது. அதனால் பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் குழல் சுவரின் தாங்கல் இல்லாமல் நிற்கிறது. உயர் அழுத்தத்தில் கூடு அங்கே புடைக்கும், சில வேளை கிழியும். சரிவையும் குழலோடு ஒரே துண்டாகச் செய்தால் இது தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் எஃப்பிஐ, 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு 10 எம்எம் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் முழு வலுவில் அல்ல. 11.7 கிராம் குண்டை நொடிக்கு 300 மீட்டருக்கும் குறைவாகச் செலுத்தும் மென்மையான வகையைக் கேட்டது. அதற்கு 25.2 மில்லிமீட்டர் நீளக் கூடு தேவையில்லை. அதை 21.6 மில்லிமீட்டராகச் சுருக்கி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் 1990இல் .40 தோட்டாவைக் கொண்டுவந்தன. 9 எம்எம் பிஸ்டல்களின் உடம்பிலேயே அது அடங்கியது.

அப்படித்தான் அது பிரௌனிங் ஹை-பவருக்கும் வந்து சேர்ந்தது. பிரௌனிங் 1926இல் இறந்தபின் டியூடொனே செவ் முடித்துத்தந்த, 1935இல் பெல்ஜியத்தின் எஃப்என் ஆலை வெளியிட்ட பிஸ்டல் அது. 9 எம்எம், .40 இரண்டுக்கும் அமெரிக்கத் தர அளவுப்படி வரம்பு ஒன்றே, 241 மெகாபாஸ்கல். காகிதத்தில் குழலையும் மேகசினையும் மாற்றினால் போதும் போலத் தெரியும். உந்தத்தைப் பாருங்கள்: 8 கிராம் 9 எம்எம் குண்டு நொடிக்கு 350 மீட்டரில் 2.8, .40 குண்டு 3.5. மீண்டும் அதே கால் பங்கு ஏற்றம்! எஃப்என் 1990களில் .40 வகையைச் செய்தபோது ஸ்லைடைக் கனமாக்கியது, சட்டகத்தையும் அடித்து வடித்த பழைய எஃகுக்குப் பதிலாக வார்ப்பெஃகில் செய்தது.

ஐரோப்பியப் பரிசோதனைச் சாலைகள் துப்பாக்கியை வரம்பைவிட 30 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகின்றன. 9 எம்எம் ஸ்லைடிலேயே .40 குழலைப் பொருத்தியிருந்தாலும் அந்தச் சோதனையில் அநேகமாகத் தேறியிருக்கும். சோர்வு விரிசலோ ஆயிரக்கணக்கான மோதல்களில் மெல்ல வளர்வது, ஓரிரு வெடிப்பில் அது தன்னைக் காட்டாது. மோதல் ஆற்றலைப் பழைய அளவிலேயே நிறுத்த வேண்டுமானால், உந்தம் கூடிய கணக்கின்படி நகரும் நிறையை 56 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு கனத்தை இடுப்பில் சுமக்கும் பிஸ்டலில் யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால்தான் எஃப்என் பொறியாளர்கள் ஸ்லைடில் கொஞ்சம் நிறையைக் கூட்டி, எஞ்சிய அடியைச் சட்டகத்தின் கடினத்திடம் ஒப்படைத்தார்கள்.