சரளைவழி: ‘கிராவல்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், பதினாறு வயது மாணவர் ஒருவர் தம் விடுமுறைப் பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, ‘நாங்கள் கல்லுச் சைக்கிளில் கல்லு ரோட்டில் போனோம்’ என்று தொடங்கியது. அவர் சொல்ல நினைத்தது கிராவல் சைக்கிள், கிராவல் ரோடு. சிவப்பு மையை எடுத்த நான், அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். ‘கல்’ பிழையான சொல் அன்று. ஆயினும் அந்தச் சாலையை அது காட்டவில்லை. எந்தத் தமிழ்ச் சொல் காட்டும் என்று தேடியதன் பயனே இவ்விளக்கம்.

‘கிராவல்’ ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த சொல். ஆங்கிலத்திற்கு அதைத் தந்தது பழைய பிரெஞ்சு மொழி. அங்கே ‘கிராவ்’ என்பது மணலும் சிறுகல்லும் நிறைந்த கரையைக் குறித்தது. ‘கிரவெல்’ அதன் குறுமை வடிவம். அதற்கும் முன்னே செல்டிக் மொழிகளில் வேர் இருந்ததாக மொழிநூலார் கொள்வர். ஆகவே நீர் ஒதுக்கிய கல்லுக்குப் பிறந்த பெயரே பின்னர் சாலைக்குப் போயிற்று. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே செல்லும் ஒரு பயணத்திற்கு இந்தப் பெயர் அமைந்ததில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

தமிழ்நாட்டில் இச்சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. அங்கே கிராவல் என்றால் லாரியில் வந்து கொட்டப்படும் மண். மனையை மேடாக்கவும் சாலைக்கு அடித்தளம் இடவும் பயன்படும், கல் கலந்த செம்மண். ‘நாலு லோடு கிராவல் அடித்தோம்’ என்பது அங்குள்ள பேச்சு. தென்னாப்பிரிக்காவில் நாம் கிராவல் என்னும்போது மண்ணைக் கருதுவதில்லை. தார் முடிந்த இடத்தில் தொடங்கும் சாலையைக் கருதுகிறோம். எங்கள் மாகாணமாகிய குவாசூலு-நட்டாலின் நாட்டுப்புறங்களில் ‘டி’ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் தாங்கிய பலகை நிற்கும் மாவட்டச் சாலைகள் பெரும்பாலும் இத்தகையவை. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதனைக் ‘குருயிஸ்பாட்’ என்றும், வெறும் மண்சாலையாயின் ‘கிரோன்ட்பாட்’ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிரிப்பு நமக்கும் வேண்டியதே.

மூன்றாவது பொருள் மிதிவண்டி ஓட்டுநர்களுடையது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் ஊரைச் சுற்றியுள்ள சிக்கிமுக்கிக் கல் நிறைந்த குன்றுகளில் 200 மைல் போட்டி ஒன்று தொடங்கிற்று. அதுவும் அதனை ஒத்த போட்டிகளும் புகழ்பெற, கிராவல் என்பது ஒரு விளையாட்டின் பெயரே ஆயிற்று. 2022இல் இத்தாலியில் அதற்கு முதல் உலக வாகைப் போட்டியும் நடந்தது. அதற்குரிய மிதிவண்டி பந்தய வண்டியைப் போல் வளைந்த கைப்பிடியும், ஏறத்தாழ 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள டயரும், வட்டத்தகடு பிரேக்கும், செங்குத்தான ஏற்றத்திற்கு ஏற்ற இலகுவான கியரும் கொண்டது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். நம்மிடம் ஒன்றன்று, பல சொற்கள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுவதே நாம் செய்யும் பிழை. மனிதன் உடைத்த கல் சல்லி. ஜல்லி என்றும் எழுதுவர். அதற்குக் கூரிய விளிம்புகள் உண்டு. சாலைக்கு இடும் பருமனான உடைகல் கப்பி. குத்திய அரிசியில் தங்கும் நொறுங்கலுக்கும் அதே பெயர் இருப்பதால், உடைபட்டது என்னும் கருத்து அதில் தெளிவாக நிற்கிறது. ஆற்றுநீர் உருட்டி வழவழப்பாக்கியது கூழாங்கல். இயற்கையாகவே மண்ணோடு கலந்து கிடக்கும் சிறுகல் சரளை. பழந்தமிழில் பரல் என்னும் சொல்லும் உண்டு. பாலைநில வழிகளில் நடப்போர் காலை உறுத்தியது அதுவே. சிலம்பின் உள்ளே இட்டு ஒலிக்கச் செய்யும் மணிக்கும் அதுவே பெயர். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கப் பரல் என்று சொல்லும்போது நாம் இச்சொல்லைத்தான் சொல்கிறோம். கல்லும் மண்ணும் இறுகிய மேட்டு நிலத்திற்கு முரம்பு என்று பெயர். இவ்வளவு நுட்பமான சொற்களை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ‘கல்லு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இவற்றுள் நம் சாலைக்கு எது பொருந்தும் என்பதை அகராதியைவிடச் சாலையே தெளிவாகச் சொல்லும். ஊருக்குக் கிழக்கே, டர்பனை நோக்கி விரியும் ஆயிரங்குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு குளிர்காலக் காலையில் நின்று, வழியோரத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுள்ள பழுப்புக் கற்கள் சில, கரகரப்பான மணல், விரலிடுக்கில் மஞ்சள் மாவாக ஒட்டிக்கொண்ட களிமண். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சாலை நிற்கும். கல் சுமையைத் தாங்குகிறது. மணல் இடைவெளியை நிரப்புகிறது. களி இரண்டையும் கட்டிப் பிடிக்கிறது. களி மிகுந்தால் கோடைமழையில் சாலை வழுக்கும், சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். களி குறைந்தால் மழையில்லாத மாதங்களில் கல் தனித்தனியே கழன்று புரளும். விரையும் வாகனங்களின் சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுவதால், கூரைத் தகரம்போல் வரிவரியாகச் சாலை மடியும். ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் இதனைத் தகரத்தின் பெயராலேயே ‘சிங்க்பிளாட்’ என்பர். தமிழில் தகரவரி என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அந்த வரிகளின்மேல் இறங்கும் ஓட்டுநரின் மணிக்கட்டு வெகுநேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்த அகலமான டயர் அந்த அதிர்வை ஓரளவு உள்வாங்கும்.

கல்லும் மணலும் களியும் இயல்பாகக் கலந்த இதற்குச் சரளை என்பதே பொருத்தம். சல்லியும் கப்பியும் உடைத்த கல்லாதலால் ஒதுங்குகின்றன. பரல் தனிக்கல்லைக் காட்டுமே அன்றிக் கலவையைக் காட்டாது. மாணவர்கள் சிலர் சரளையை ‘சரளமாக’ என்பதோடு சேர்த்துத் தடையின்றி ஓடும் சாலை என்று எண்ணிவிடுகிறார்கள். சரளம் வடமொழிச் சொல். நேரானது, எளியது என்று பொருள்படுவது. சரளைக்கும் அதற்கும் ஒலி நெருக்கம் உண்டு, பொருள் நெருக்கம் இல்லை.

அடுத்தது, இத்தகைய சாலைகளில் வகுத்துக்கொள்ளும் ‘ரூட்’ என்பதற்கு என்ன எழுதுவது என்னும் கேள்வி. இங்கே தமிழ் ஓர் அரிய உதவி செய்கிறது. நீரோடும் ஆற்றுக்கும் மக்கள் செல்லும் வழிக்கும் நம் மொழியில் ‘ஆறு’ என்பதே பெயர்; ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டுதல். குவாசூலு-நட்டாலில் இந்த இரு பொருளும் ஒரே இடத்தில் கூடக் காணலாம். சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து உம்சுண்டுசி ஆறு கீழிறங்கி, பள்ளத்தாக்கில் உம்கேனி ஆற்றோடு கலந்து, டர்பனில் கடலைச் சேர்கிறது. ஆறுகள் ஆழமாக அறுத்த நிலம் ஆதலால் சாலை நேராகச் செல்ல முடியாது. ஒரு முகட்டிலிருந்து நீர்மட்டம் வரை சுழன்று இறங்கி, மறுகரையில் அதே உயரத்தை மீண்டும் ஏற வேண்டும். ஒரே நாளில் இப்படி மூன்று நான்கு முறை நேர்வதே இவ்வழிகளின் கடுமைக்குக் காரணம். இறங்கி முடித்த இடத்தில் பெரும்பாலும் பாலம் இராது, நீர் மேலே வழிந்தோடும் தாழ்ந்த கான்கிரீட் தளமே இருக்கும். இங்குள்ளோர் அதனை ‘டிரிஃப்ட்’ என்பர். 1879ஆம் ஆண்டு ஆங்கிலேயர்-சூலுப் போரால் அறியப்பட்ட ரோர்க்ஸ் டிரிஃப்ட்டின் பெயரும், ஆற்றை இறங்கிக் கடக்கும் துறையைக் குறிக்கும் இதே சொல்லால் அமைந்ததே. கான்கிரீட் தளத்திற்குத் தமிழில் தாம்போதி என்னும் சொல் வழக்கில் உள்ளது. இலங்கைத் தமிழர் இன்றும் எளிதாகச் சொல்கிறார்கள். நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மலையைக் கடக்கும் இடத்திற்குக் கணவாய் என்பதே போதும். அண்டை நாடான லெசோத்தோவின் எல்லையில் சுமார் 2,870 மீட்டர் உயரத்திற்கு ஏறும் சானி கணவாயும், தாமஸ் பெயின் அமைத்து 1888இல் திறக்கப்பட்ட ஸ்வார்ட்பெர்க் கணவாயும் இந்நாட்டின் சரளை ஓட்டுநர்கள் மனத்தில் வைத்திருக்கும் இரு பெயர்கள். ஸ்வார்ட்பெர்க்கில் சுண்ணச்சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன.

‘பாதை’ என்பதும் தவறில்லை. எனினும் ‘வழி’ எனக்கு உகந்தது. செல்லும் தடத்தையும் செல்லும் முறையையும் ஒருங்கே சொல்வது அது. 1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி டர்பனுக்கு வந்த முதல் கப்பலாகிய ‘ட்ரூரோ’விலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் சென்றதும் தார் அறியாத வழிகளில்தான். ஆகவே சாலை சரளைச்சாலை, அதில் வகுத்துக்கொண்ட பயணத்தடம் சரளைவழி, வண்டி சரளை மிதிவண்டி என்று மூன்றையும் பிரித்து, கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த மாணவர் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தார்: ‘நாங்கள் சரளை மிதிவண்டியில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். தகரவரி முடிந்ததும் தாம்போதி வந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.’