ஜெரிமேண்டர்: மறுவரையறை அன்று, தொகுதித் திரிப்பு

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் தருவோர், ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வகுப்பதைக் குறிக்கும் 'ஜெரிமேண்டரிங்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் 'தொகுதி மறுவரையறை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளிது. 1812 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, மாநில மேலவைத் தொகுதிகளைப் புதிதாக வகுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்கு வசதியாக எல்லைகள் வெட்டி ஒட்டப்பட்டன. எசெக்ஸ் கவுண்டியின் தென்கிழக்குக் கரையிலுள்ள மார்பிள்ஹெட், சேலம் ஊர்களிலிருந்து மேற்கே ஆண்டோவரைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கு மூலையிலுள்ள சாலிஸ்பரி வரை வளைந்த ஒரு தொகுதிக்குச் சிறகும் நகமும் வரைந்து, மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' நாளேடு கேலிச்சித்திரம் வெளியிட்டது. பல்லியை ஒத்த சாலமாண்டர் என்ற உயிரியின் பெயரில் பிற்பாதியை எடுத்து, ஆளுநர் பெயரோடு ஒட்டினார்கள். (அவர் பெயரில் ஒலிப்பது ககரம், சொல்லில் அது ஜகரமாகிவிட்டது.)

அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் மொத்தத்தில் சற்றுக் கூடுதலான வாக்குகள் பெற்றும் மேலவையின் 40 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 11. கெர்ரியின் கட்சிக்கு 29. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்த ஆளுநர் தேர்தலிலோ கெர்ரியே தோற்றார். கோடுகளுக்கு அங்கே வேலையில்லை அல்லவா?

மறுவரையறை என்பது நடுநிலைச் சொல். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் அமெரிக்க மாநிலங்கள் செய்தாக வேண்டிய பணி அது. இந்தியாவில் அதற்கென்றே ஆணையம் அமைத்திருக்கிறோம். அந்தச் சொல்லையே இங்கும் போட்டால், 'ஆளுங்கட்சி மறுவரையறை செய்துவிட்டதாக எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது' என்ற வாக்கியம் பிறக்கிறது. கடமையைச் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று படிப்பவர் விழிக்க மாட்டாரா? மூலத்தில் இருக்கும் வசை தமிழில் அலுவலகக் குறிப்பாக வடிந்துவிடுகிறது. சிலர் மறுபக்கம் தாவி 'தேர்தல் மோசடி' என்கிறார்கள். அதுவும் பொருந்தாது, 1812இல் கள்ள வாக்கு விழவில்லை, பெட்டி மாறவில்லை, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படியே எல்லாம் நடந்தது என்பதுதான் இச்செயலின் தனித்தன்மை. ஒலிபெயர்த்து 'ஜெரிமேண்டரிங்' என்றே விட்டுவிடுவதும் சோம்பல்தான், ஆனால் முன்னிரண்டையும்விட நேர்மையான சோம்பல்.

என் தேர்வு 'தொகுதித் திரிப்பு'. 'திரிபு' என்று எழுதலாகாது. தானாக நேரும் மாற்றம் திரிபு. ஒருவர் வேண்டுமென்றே செய்வது திரிப்பு. கயிறு திரிப்பதும் உண்மையைத் திரிப்பதும் பேச்சில் பழகிய வழக்குகள் என்பதால், முறுக்குவதும் ஏமாற்றுவதும் இச்சொல்லில் ஒருசேரக் கேட்கின்றன. 'தொகுதியைத் திரித்தனர்' என்று வினையாகவும், 'திரித்த தொகுதி' என்று பெயரெச்சமாகவும் அது இயல்பாக இயங்கும். 'மறுவரையறை மேற்கொள்ளப்பட்டது' என்று செய்தவரை ஒளிக்கும் செய்திநடைக்கு அங்கே இடமிராது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் பார்த்திருந்தால் இக்குழப்பமே வந்திராது. 'மறுவரையறை என்ற பெயரில் தொகுதிகளைத் திரித்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள்; இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் நிற்கும்.