விசா இருந்தும் விமானம் ஏற முடியாமல் போனது ஏன்?

சென்னை மண்ணடி, தம்பு செட்டித் தெருப் பக்கம் வெளிநாட்டு ஆவண வேலை பார்க்கும் வழக்கறிஞர் நான். கொரோனா காலத்தில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "விசா இன்னும் முடியலையே சார், அப்புறம் ஏன் விடமாட்டேங்குறாங்க?"

விசா என்பது எல்லை வரை போய் அனுமதி கேட்கத்தான். உள்ளே விடுவதா என்பதை அன்றைக்கு அமலில் உள்ள உத்தரவு முடிவு செய்யும். தொற்றுக் காலத்து உத்தரவுகள் கடந்த 14 நாள் எங்கே இருந்தீர்கள் என்று பார்த்தன. அந்த நாட்டில் உங்கள் குடியேற்ற நிலை என்ன, அங்கே உள்ளவருக்கு நீங்கள் என்ன உறவு என்றும் பார்த்தன. உறவில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். உறவு இல்லாமல் இல்லை. அதைக் காட்டும் காகிதம் சரியாக இல்லை.

2021 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் பைடன் ஒரு உத்தரவு போட்டார். மே 4 முதல் அமல். 14 நாளுக்குள் இந்தியாவில் இருந்தவர் எச்1பி வேலை விசா மாதிரி தற்காலிக விசாவில் உள்ளே போக முடியாது. குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்ற கிரீன் கார்டுகாரர்களுக்கும் தடை இல்லை, அவர்களுடைய கணவன் மனைவிக்கும் இல்லை. 21 வயதுக்குக் கீழே உள்ள, மணமாகாத அமெரிக்கக் குடிமகனின் அப்பா அம்மாவுக்கும் இல்லை. அதாவது அங்கே பிறந்த கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் தப்பித்தார்கள். குழந்தை இல்லாத தம்பதி எத்தனை வருஷம் அங்கே வரி கட்டியிருந்தாலும் இங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்தத் தடை நவம்பர் 8 அன்றுதான் விலகியது.

அப்பாவின் காரியத்துக்கு வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் மாட்டிக்கொண்ட தம்பி ஒருவருக்கு இந்த விலக்கு கச்சிதமாகப் பொருந்தியது. பெண் குழந்தை அமெரிக்காவில் பிறந்தவள். ஆனால் காகிதங்களை மேசையில் பரப்பினால், பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில் அவர் அப்பாவின் முழுப் பெயரும் இருக்கின்றன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கு நேரே அவர் பெயரும் ஒற்றை எழுத்து இனிஷியலும் மட்டும். விமான நிறுவனக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஓரெழுத்து யாருடைய பெயர் என்று எப்படித் தெரியும்? குழந்தையின் பாஸ்போர்ட், கணவர் பெயர் ஏறிய மனைவியின் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துக் கொடுத்தோம். அவர் விசா முத்திரைக்கு இன்னும் காலம் இருந்ததால் போய்ச் சேர்ந்தார். முத்திரை முடிந்துபோனவர்களுக்கு விலக்கு இருந்தும் சிக்கல்தான். புது முத்திரை வாங்க வேண்டிய, ஜெமினி பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வழக்கமான நேர்காணல்கள் அப்போது நின்றிருந்தன.

எல்லா நாட்டிலும் 'குடும்பம்' என்றால் ஒன்றே என்று எண்ணிவிட வேண்டாம். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அந்த நாடு 2020 மார்ச் 20 அன்று எல்லையை மூடியபோது கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகளை நெருங்கிய குடும்பமாக ஏற்றது. பெற்ற தாய் தகப்பன் அந்தக் கணக்கில் வரவில்லை. 2021 நவம்பர் 1 முதல்தான் சேர்த்தார்கள். மகள் பிரசவத்துக்குப் போக முடியாத அம்மாக்களுக்கு, சட்டம் உங்களை நெருங்கிய உறவாக எண்ணவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 2021 மே மாதம் முதல் பாதியில், இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தக் குடிமகனுக்கே ஐந்தாண்டு வரை சிறை என்று அதே நாடு அறிவித்ததையும் மறக்க முடியாது.

நம் நாட்டுக் கதவும் அப்படித்தான் இருந்தது. 2020 மார்ச் 13 முதல் ஓசிஐ அட்டைக்காரர்களின், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரின், விசா இல்லாப் பயணம் நிறுத்தப்பட்டது. மே 7 அன்று வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது, இந்தியக் குடிமக்களான அப்பா அம்மா ஏறலாம், அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் கைக்குழந்தை ஏற முடியாது என்ற நிலை. மே 22 அன்றுதான் அந்தக் குழந்தைகளுக்கு வழிவிட்டார்கள்.

வளைகுடா விஷயம் வேறு. 2021 ஏப்ரல் கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வருவோரை நிறுத்தியது. ஆகஸ்ட் 5 முதல் குடியிருப்பு விசா உள்ளவர்களை அனுமதித்தாலும், முதலில் அங்கேயே இரண்டு தவணை கொரோனா தடுப்பூசி போட்டவர்களைத்தான் பொதுவாக ஏற்றது. இங்கே ராயபுரத்தில் போட்ட ஊசி உடனே செல்லுபடியாகவில்லை. இடையில் 'வேறு நாட்டில் 14 நாள் தங்கிப் போகலாம்' என்று ஏஜென்டுகள் பணம் வாங்கினார்கள். விதி ஆள் இருந்த இடத்தைப் பார்த்ததால் அந்த வழி பொய்யில்லை. ஆனால் நேபாளம் அப்படிப் போவோரைத் திடீரென நிறுத்தியபோது கட்டிய பணம் பலருக்குத் திரும்பவில்லை. அப்படி எதற்கும் பணம் கட்டும் முன், பயணம் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

திருமணப் பதிவை இன்றே பாருங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். பள்ளிவாசல் புத்தகமோ சர்ச் சான்றிதழோ மட்டும் கையில் இருந்தால் வெளிநாட்டு அதிகாரியிடம் திணற வேண்டியிருக்கும். அமீரகத்துக்கு என்றால் வெளிநாட்டில் காட்டும் ஆவணம் உண்மையானது என்று நம் வெளியுறவுத் துறை வைக்கும் அபோஸ்டில் முத்திரை போதாது, அந்த நாட்டுத் தூதரக அத்தாட்சியும் வேண்டும்.

பெயர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா கிடையாது என்று அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதுங்கள். அதே எழுத்துக்கூட்டல் ஆதாரிலும் ஊசிச் சான்றிதழிலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் இருக்கட்டும். மாநகராட்சிச் சான்றிதழில் குழந்தையின் பெயரே சேர்க்காமல் விட்டிருந்தால், பதிவு செய்து 15 ஆண்டு முடிவதற்குள் மண்டல அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.