மீன் ‘ஸ்டாக்’: இருப்பா, முதலா?

பவானிசாகர் அணைக்கரையில் பரிசலை மேலே இழுத்துப் போட்டுவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “உள்ள மீன் ஸ்டாக் எவ்வளவுங்க இருக்கும்?” என்று கேட்டேன். “ஸ்டாக்குங்கறது மளிகைக் கடையில கேக்கறதுங்க தம்பி. தண்ணிக்குள்ள இருக்கறத எப்படீங்க எண்ணறது?” என்றார். நான் கேட்டது ஒரு கேள்வி. அவர் திருப்பித் தந்தது இரண்டு. மீனுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கணக்கெடுப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே விடை தேட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இந்தச் சொல்லைத் தமிழில் தப்பாகப் பெயர்த்ததால் கணக்கும் தப்பாகிப் போன இடம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மீன்வளத் துறையில் ‘ஸ்டாக்’ மூன்று விதமாகப் புழங்குகிறது. ஒரு நீர்ப்பரப்பில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் மீன்களின் அளவு ஒரு பொருள். தங்களுக்குள் கூடி இனம் பெருக்கும் ஒரே வகை மீன்களின் கூட்டம் இன்னொரு பொருள். குஞ்சுகளைக் கொண்டுவந்து நீரில் விடும் வேலையைச் சொல்லும் ‘ஸ்டாக்கிங்’ மூன்றாவது. ஒரு நீர்ப்பரப்பில் என்ன மீன், எவ்வளவு என்று அறியச் செய்யும் வேலைக்கு ‘ஸ்டாக் அசெஸ்மெண்ட்’ என்று பெயர். புதிதாக அணை கட்டி நீர் தேக்கிய இடத்தில் அதைச் செய்வது இன்னும் சிக்கல்.

சொல்லின் ஊர் மரத்தடி. பழைய ஆங்கிலத்தில் ஸ்டாக் என்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதன் உறவுச் சொல்லுக்குத் தடி என்றே பொருள். அடிமரத்திலிருந்து கிளை பிரிவதுபோல ஒரு மூதாதையிலிருந்து வம்சம் பிரிகிறது. அதனால் குடிவழிக்கும் அதே சொல் வந்தது. சேமித்து வைத்த சரக்கு என்ற பொருள் எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது குச்சிக் கணக்கு. இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் பணம் கட்டினால், தொகைக்கேற்ப ஒரு குச்சியில் வெட்டுத் தடம் போட்டு, அதை நெடுக்காகப் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கொடுத்தவருக்கு. அதற்குப் பெயர் ஸ்டாக். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால் தடங்கள் பொருந்த வேண்டும், அதுதான் ரசீது. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்ததை நினைத்துக்கொள்கிறேன். பாலூற்றுபவர் மாதக் கடைசியில் வந்து அந்தக் கோடுகளைத்தான் எண்ணிப் பார்ப்பார்.

அடிக்கட்டை என்ற அந்த மூலப்பொருள் புதிய நீர்த்தேக்கத்தின் அடியில் நிஜமாகவே கிடக்கிறது. அணை கட்டும்போது நீர் தேங்கப்போகும் நிலத்தில் உள்ள மரங்களை வெட்டினாலும் அடிக்கட்டைகள் மண்ணிலேயே நிற்கும். நீர் ஏறிய பிறகு வலை விரித்தால் கட்டைகளில் மாட்டிக் கிழியும். மீனைத் தேட எதிரொலிக் கருவியை இறக்கினாலும், முங்கி நிற்கும் மரமும் எதிரொலி தரும். மீன் எது, மரம் எது என்று பிரிப்பது பெரும்பாடு. பவானிசாகரில் மரம் மட்டும் முங்கவில்லை. போசள அரசின் படைத்தலைவர்களான தண்டநாயக்கர்களின் காலத்து டணாயக்கன்கோட்டையும் அதன் கோயிலும் முங்கின. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அந்தக் கோயில் வெளியே தெரியும், சுற்று ஊர்க்காரர்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். வலை போடுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட இடங்களைத் தெரிந்து வைத்திருப்பது தொழில் அறிவு.

சரி, எண்ணுவது எப்படி?

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில், 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை அது. முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 30 சதுர மைலுக்குத் தண்ணீர் பரந்திருக்கும். அத்தனை பரப்பையும் வற்றவைத்து எண்ண முடியாது. மாதிரி எடுத்துத்தான் மதிப்பிட வேண்டும். இதற்குப் பழைய, எளிய வழி ஒன்று இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மீன் ஆய்வாளர் பீட்டர்சன், 1890களில் கடல் மீன்களுக்கு அடையாளம் போட்டு விட்டார். அவர் பெயராலேயே இந்த முறை இன்றும் வழங்குகிறது. அணையில் 200 கட்லாக்களைப் பிடித்து, துடுப்பு நுனியைச் சிறிது நறுக்கி, திரும்ப விட்டுவிடுகிறோம் என்று வையுங்கள். சில நாள் கழித்து 150 கட்லா பிடிக்கிறோம். அதில் 10 மீனுக்குத் துடுப்பு நறுக்கியிருக்கிறது. அப்படியென்றால் 15 மீனுக்கு ஒன்று நம் அடையாளம் போட்டது. அடையாளம் போட்டவை 200 என்பதால், மொத்தம் 200ஐ 15ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 3,000.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. இரண்டு பிடிப்புக்கும் இடையில் வெளியிலிருந்து மீன் வரக்கூடாது, உள்ளிருந்து போகக்கூடாது. அடையாளம் போட்ட மீன் அதனாலேயே செத்துவிடக்கூடாது, மற்ற மீன்களோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும். புது அணையில் இவை எதுவும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆற்றிலிருந்து புதுத்தண்ணீரோடு மீன் ஏறி வரும், மதகு திறந்தால் வெளியேறும். அதனால் ஒரே முறையை நம்பாமல் பல கண் அளவுள்ள வலைகளைச் சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விட்டு, வலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று பிடிபாட்டைக் கணக்கிடுகிறார்கள். ஒரே கண் அளவுள்ள செவுள் வலை அதற்கேற்ற பருமனுள்ள மீனைத்தான் பிடிக்கும். சின்னது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். பெரிய கண் வலையை மட்டும் விட்டுவிட்டு ‘இங்கே பொடி மீனே இல்லை’ என்று எழுதினால், அது வலையின் கதை, அணையின் கதை அல்ல.

இன்னொரு சிக்கல் புது அணைக்கே உரியது. நிலம் முங்கியதும் புல், இலை, சருகு எல்லாம் அழுகி, மண்ணில் இருந்த உரமும் நீரில் கரையும். மிதவையுயிர்கள் பெருகும், புழு பூச்சி பெருகும், மீனும் பெருகும். முதல் சில வருடங்கள் பிடிபாடு அள்ளும். பிறகு அந்த உரம் தீர்ந்ததும் சரிந்துவிடும். முதல் இரண்டு வருடத்துக் கணக்கை வைத்து, இந்த அணை என்றைக்கும் இவ்வளவு தரும் என்று பரிசல்களுக்கு உரிமம் கொடுத்தால், ஐந்தாவது வருடம் கடன் வாங்கி வலை வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான். மீன் வகையும் மாறும். ஓடும் நீரில் வாழ்ந்தவை ஒதுங்கும், தேங்கிய நீரை ஏற்கும் மீன்கள் ஓங்கும். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் நலிந்து போனது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நம் பக்கத்தில் ஜிலேபி என்ற பெயரில் அமராவதி முதலிய அணைகளில் ஊன்றிக்கொண்டது. ஆகவே ‘ஸ்டாக்’ என்று ஒரே எண்ணாகச் சொல்வதில் பயனில்லை. எந்த மீன், எந்த வயது, எவ்வளவு எடை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருவோம். மீன்வளம் என்பது நல்ல சொல், ஆனால் மிக அகலமானது. அதில் நீரும், தொழிலும், வருமானமும் அடங்கிவிடும். மக்கள்தொகை போல மீன்தொகை என்றால் தலை எண்ணிக்கை மட்டும் வரும், எடை வராது. இன்றைக்கு உயிரோடு உள்ள அளவைக் குறிக்க ‘இருப்பு’ என்ற சொல்லைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. அது ‘இரு’ என்ற வினையிலிருந்து வந்தது. (இருப்புப்பாதையில் உள்ள இருப்பு வேறு, அது இரும்பு.) உயிரோடு இருத்தலும் இருப்பு, கையில் மிஞ்சியதும் இருப்பு. கட்டையிலிருந்து கிளம்பிய ஆங்கிலச் சொல்லுக்கு உயிருக்கு வந்து சேரச் சுற்றுவழி தேவைப்பட்டது. இருப்பில் உயிர் முதலிலேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம், இருப்பு தனியாக வருகிற சொல் அல்ல. ஈரோட்டு மஞ்சள் மண்டியோ, எங்கள் மாமாவின் மளிகைக் கடையோ, எந்தப் பேரேட்டைத் திறந்தாலும் வரவு, செலவு, இருப்பு என்று மூன்றும் சேர்ந்துதான் நிற்கும். 1931இல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மீன் ஆய்வாளர், மீன் இருப்பை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். வருடத் தொடக்கத்தில் இருந்த எடையோடு புதிதாக வளர்ந்து சேர்ந்த இளம் மீன்களின் எடையையும், ஏற்கெனவே இருந்த மீன்கள் வளர்ந்ததால் கூடிய எடையையும் சேர்க்க வேண்டும். பிடித்ததையும் தானாகச் செத்ததையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது வருடக் கடைசியின் இருப்பு. உலகம் முழுக்க மீன் கணக்குக்கு இன்றும் அடிப்படை இதுதான். மண்டியில் கணக்கு எழுதத் தெரிந்த எவருக்கும் இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நம்மிடம் அதற்கான சொற்கள் தயாராக இருக்கின்றன.

தப்பு நடந்த இடம் இதுதான். ‘ஸ்டாக்கிங்’ என்ற வினையை அரசுக் குறிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் ‘இருப்பு செய்தல்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘அணையில் இத்தனை லட்சம் மீன்குஞ்சுகள் இருப்பு செய்யப்பட்டன’ என்று வரும். படிப்பவர், அணையில் அத்தனை லட்சம் மீன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். விட்ட குஞ்சு வரவு, இருப்பு அல்ல. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளை விட்டால் பெரும்பகுதி விராலுக்கும் வாளைக்கும் நீர்க்காகத்துக்கும் தீனியாகிவிடும். அதனால்தான் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளாகப் பார்த்து விடச் சொல்கிறார்கள். விட்டதையே இருப்பாக எழுதுவது, வாங்கிய சரக்கின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்க்காமலே ஸ்டாக் எடுத்தேன் என்பது போன்றது. இதற்கு ஊரில் சொல் இருக்கிறது: குஞ்சு விடுதல். ‘டேம்ல குஞ்சு விட்டிருக்காங்க’ என்றுதான் கரையில் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி, நாம் அதையே எழுதலாம். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் போகத் தொடங்கியிருக்கிறது. பல வருடம் காய்ந்து கிடந்த குட்டைகளிலும் இனி மீன் பேச்சு வரும். அங்கேயாவது வரவையும் இருப்பையும் தனித்தனியாக எழுதிப் பழகினால் நல்லது.

செலவுப் பக்கத்தில் வலை மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நொய்யலில் 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த புது அணை அது. நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. நீரைச் சோதிக்காமல் மீனை எண்ணப் போவதில் அர்த்தமில்லை.

அப்புறம் அந்த இரண்டாவது பொருள், இனம் பெருக்கும் கூட்டம். இதற்கு இருப்பு போதாது. மரத்தடியில் பிறந்த ஸ்டாக்குக்கு நம்மிடம் உள்ள நேர் இணை ‘முதல்’. மரத்தின் அடிப்பகுதியும் முதல், வியாபாரத்தில் போட்ட பணமும் முதல். ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை’ என்று குறள் சொல்வது இந்த முதலைத்தான். தொல்காப்பிய இலக்கணத்தில் மரம் முதல், கிளை சினை. அதே சினை என்ற சொல்தான் மீனின் வயிற்றில் இருக்கும் முட்டைக்கும். ஆங்கிலத்தில் கட்டையும் வம்சமும் ஒரே சொல்லில் கூடியதுபோல, தமிழில் கிளையும் முட்டையும் சினையில் கூடியிருக்கின்றன. முட்டையிடும் தாய்மீன் கூட்டத்தை ‘மீன்முதல்’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ஐப்பசி மழையில் ஆற்றை நோக்கி ஏறும் சினைமீனை வழிமறித்து அள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டால், கொங்கு நாட்டில் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: “முதலுக்கே மோசமுங்க.”

‘அசெஸ்மெண்ட்’ சிக்கலே இல்லை, மதிப்பீடு போதும். தென்னந்தோப்பில் வியாபாரி அண்ணாந்து பார்த்து, மரத்துக்கு இத்தனை காய் என்று கண்மதிப்புப் போடுகிறாரே, அந்த மதிப்புத்தான். ‘சர்வே’க்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். லத்தீன் வேரில் அதற்கு மேலிருந்து பார்த்தல் என்று பொருள், நாம் நிலத்துக்கு அளவை என்கிறோம். மேலிருந்து பார்த்தால் அணையில் தெரிவது வானம்தான். ஆகவே மீனுக்கு ‘இருப்புக் கணக்கெடுப்பு’ என்றே சொல்லலாம். முழு வேலையையும் குறிக்க மீன் இருப்பு மதிப்பீடு, அதில் களத்தில் இறங்கி வலை போடும் பகுதிக்கு இருப்புக் கணக்கெடுப்பு.

அடுத்த முறை பவானிசாகர் போனபோது அதே பெரியவரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். “இந்த வருசம் மீன் இருப்பு எப்படீங்க?” வலையிலிருந்து ஒரு ஜிலேபியைக் கழற்றிக் கூடையில் போட்டபடியே சொன்னார்: “வரவு கம்மிங்க தம்பி. தை மாசம் வந்து கேளுங்க, இருப்பு சொல்றேன்.”