கழுத்துநாள ஒட்சிசன் நிரம்பல்: ‘மூளை ஒட்சிசன் அளவு’ ஏன் பிழை

தலையில் அடிபட்டு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் உறவுகளிடம் “மூளைக்கு ஒட்சிசன் 62தான் இருக்கு” என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். விரலில் மாட்டும் கருவியில் 98 பார்த்துப் பழகிய கண். அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிடுகிறார்கள். இது மூளையில் இருந்து திரும்பும் குருதியில், கழுத்து நாளத்தில் பார்க்கும் எண்; ஆங்கிலத்தில் ‘ஜுகுலர் வீனஸ் ஒக்சிஜன் சச்சுரேஷன்’. இங்கே 62 நல்ல எண். 55 முதல் 75 வரை இயல்பு.

‘ஜுகுலர்’ என்பது தொண்டைக்குழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நமக்குக் ‘கழுத்து நாளம்’ போதும். ‘தொண்டை நாளம்’ என்றால் சாப்பாட்டுக்குக் குழாய் போட்டதாக விளங்கும். தமிழ்நாட்டார் ‘சிரை’ என்பதை இலங்கையில் நாம் பள்ளிக்கூடத்திலேயே ‘நாளம்’ என்று படித்தவர்கள். கடன் வாங்கத் தேவையில்லை.

பெரிய பிழை ‘அளவு’தான். இந்த எண் மூளைக்குப் போன ஒட்சிசன் அல்ல, மூளை எடுத்தது போக மிஞ்சியது. அதுவும் அளவல்ல: குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒட்சிசனால் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. ஈமோகுளோபின் 14 இருந்தாலும் 7 இருந்தாலும் நிரம்பல் 98 காட்டலாம். சுமந்து போகும் ஒட்சிசனோ பாதி. ஆகவே ‘நிரம்பல்’ என்பதே சரி. ‘செறிவு’ என்பாரும் உண்டு. அது கரைசலுக்குரிய வேறு சொல்.

அம்பாறைப் பக்கம் வயல் செய்பவருக்கு இது உடனே பிடிபடும். வயலில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வடிச்சல் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வயலுக்கு வரத்துப் போதவில்லை. இங்கே 50க்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் அப்படித்தான்: இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம், செயற்கைச் சுவாசம் மிகைப்பட்டுக் காபனீரொட்சைட்டு குறைந்து நாடிகள் சுருங்கியிருக்கலாம். வடிச்சல் நிரம்பி ஓடினாலோ வரத்து மிஞ்சியிருக்க வேண்டும், அல்லது பயிர் உறிஞ்சவில்லை. 85 என்றதும் “நல்லா ஏறிட்டு” என்று மகிழ வைப்பது ‘அளவு’ என்ற சொல் செய்யும் கொடுமை. மூளை இழையம் செத்து ஒட்சிசனை எடுக்காமல் விட்டாலும் அதே 85 வரும்.

பெயரில் மூளை இல்லையே என்று கேட்பார்கள். இல்லாததே நேர்மை. நாளத்துக்குள் மேல்நோக்கி ஏற்றும் குழாயின் நுனி மண்டையோட்டின் அடியில் அந்த நாளம் புடைத்திருக்கும் குமிழில் நிற்க வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முதலாம் கழுத்து முள்ளென்பின் மட்டம். அதற்குக் கீழே நின்றாலோ, நிமிடத்துக்கு 2 மில்லிலீற்றரை விட வேகமாக இழுத்தாலோ முகத்து நாளத்தின் குருதி கலந்து எண் பொய்யாக உயரும். அப்போது குழாயில் வருவது கழுத்து நாளத்துக் குருதிதான், ஆனால் மூளையினுடையது மட்டும் அல்ல.