சர்வர் அணைந்தாலும் அது விழித்திருக்கும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த மாதிரி ஒரு ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வர் இருப்பது புதுச்சேரி அலுவலகத்தில், அதைப் பார்த்துக்கொள்கிறவர் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். சர்வர் உறைந்துவிட்டது, பிங் போட்டால் பதிலில்லை. ரீசெட் பட்டனை அமுக்குவதற்காக அந்த மழையில் கன்னியக்கோயில் தாண்டி வண்டி ஓட்ட வேண்டுமா?

வேண்டாம், அங்கே ஜெனரேட்டரும் நெட்டும் உயிரோடு இருந்தால் போதும். சர்வரின் மதர்போர்டிலேயே பிஎம்சி (Baseboard Management Controller) என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு, நெட் வழியாகச் சொன்னால் ரீசெட்டை அதுவே செய்துவிடும். டெல் சர்வரில் ஐடிராக், எச்பிஇயில் ஐலோ என்பதெல்லாம் இதுதான். அதற்குத் தனி பிராசசர், தனி ரேம், பல போர்டுகளில் தனியாக ஒரு லேன் போர்ட் கூட. சர்வரை அணைத்தாலும் பிளக்கைப் பிடுங்காத வரை பவர் சப்ளையிலிருந்து ஸ்டாண்ட்பை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், அதில்தான் இது ஓடுகிறது.

பிஎம்சி செய்வதில் எனக்குப் பிடித்த வேலை திரை விஷயம். பல சர்வர்களில் மானிட்டருக்குப் படம் வரைவதே பிஎம்சி சிப்தான். அதனால் விண்டோஸோ லினக்ஸோ எழுந்திருக்கும் முன்பே, ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் திரையிலிருந்து எல்லாவற்றையும் சுருக்கி உங்கள் பிரவுசருக்கு அனுப்பிவிடுகிறது. நீங்கள் இங்கே தட்டுவதை அங்கே யுஎஸ்பி கீபோர்டாக நடித்துக் காட்டுகிறது. உங்கள் லேப்டாப்பில் உள்ள ஐஎஸ்ஓ ஃபைலை (ஒரு முழு சிடியின் நகல்) சிடி டிரைவ் மாதிரி செருகியும் விடும், பாவம் சர்வருக்கு வித்தியாசமே தெரியாது. சூடு, ஃபேன் வேகம் எல்லாம் கவனித்துக் குறித்தும் வைக்கும். நம் கடலோர உப்புக் காற்றில் ஃபேன் எப்போது மக்கர் பண்ணும் என்று யார் கண்டது!

இவ்வளவு அதிகாரம் இருப்பதுதான் சிக்கலும். இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து 1998-இல் கொண்டுவந்த, பிஎம்சியோடு பேசுவதற்கான ஐபிஎம்ஐ நெறிமுறையின் 2.0 பதிப்பில் ஒரு கோளாறு: யூசர் பெயர் தெரிந்தவர் கேட்டால், அவர் யார் என்று உறுதியாகும் முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டை உருமாற்றிய வடிவம்) நீட்டிவிடும். அப்புறம் அவர் வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக உடைக்கலாம். அதற்கு மாற்றாக 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் நெறிமுறை எவ்வளவோ மேல். எதுவானாலும் பிஎம்சியை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது சுத்த மடத்தனம், தனி நெட்வொர்க்கில் வைத்து விபிஎன் வழியாக மட்டுமே நுழையுங்கள்.

சரி, சர்வரோடு சேர்ந்து பிஎம்சியும் உறைந்துவிட்டால்? பிளக்கைப் பிடுங்கிச் செருகத்தான் வேண்டும். மழைக்கோட்டை எடுங்கள், கன்னியக்கோயில் தாண்டியாக வேண்டும்.